அமெரிக்க எல்லைப்புறக் காலத்து உரோமத் தொப்பிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவிலோ கனடாவிலோ பழம்பொருள் கடைக்குள் நுழைந்தால் எங்காவது ஒரு மூலையில் ஓர் உரோமத் தொப்பி இருக்கும். அதில் கட்டிய சீட்டில் "எல்லைப்புறக் காலம், 1800கள்" என்று எழுதியிருப்பார்கள். அந்தச் சீட்டை நம்பலாமா, அது எந்த விலங்கின் தோல், வீட்டுக்குக் கொண்டுவந்தால் எப்படிக் காப்பது என்று பலரும் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளுக்கான பதில்கள் இவை. என் அடிப்படைக் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தொப்பியோடு வரும் கதையைக் கேளுங்கள், ஆனால் தையலையும் உள்துணியையும் நம்புங்கள்.

எல்லைப்புறக் காலம் என்பது எந்த ஆண்டுகள்?

அப்பலாச்சியன் மலைகளைத் தாண்டி ஐரோப்பியக் குடியேறிகள் மேற்கே நகரத் தொடங்கிய 1760கள் முதல், "இனி எல்லைக்கோடு என்று ஒன்று இல்லை" என 1890ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிவித்தது வரை என்று வைத்துக்கொள்ளலாம். பூர்வகுடி மக்களுக்கு அது எல்லையாக இருந்ததே இல்லை. அவர்களுடைய சொந்த நிலம் அது.

டேனியல் பூன் ரக்கூன் (வரிவால் கொண்ட வட அமெரிக்கச் சிறுவிலங்கு) தொப்பிதானே அணிந்தார்? படங்களிலெல்லாம் அப்படித்தானே இருக்கிறது?

இல்லை. எல்லைப்புற வேட்டைக்காரராகப் புகழ்பெற்ற பூன் அணிந்தது அகல விளிம்புள்ள ஃபெல்ட் (மயிரை அழுத்திச் செய்த தடித்த துணி) தொப்பி. 1820இல், அவர் இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன்பு, செஸ்டர் ஹார்டிங் என்ற ஓவியர் அவரை நேரில் பார்த்து வரைந்தார். அந்த ஓவியத்தின் அடிப்படையில் அதே ஆண்டில் வெளிவந்த செதுக்கோவியத்தில் பூன் தொப்பியைக் கையில் பிடித்தபடி நிற்கிறார். அதில் வரிவாலும் இல்லை, ரக்கூனும் இல்லை.

இன்னொரு எல்லைப்புற நாயகரான டேவி கிராக்கெட் விஷயம் கொஞ்சம் சிக்கலானது. 1831இல் நியூயார்க்கில் மேடையேறிய ஒரு நகைச்சுவை நாடகத்தில், கிராக்கெட்டை நினைவூட்டும் ஒரு காட்டு மனிதனாக ஜேம்ஸ் ஹாக்கெட் என்ற நடிகர் காட்டுப்பூனைத் தோல் தொப்பியோடு நடித்தார். நாடகம் பெரும் வெற்றி பெற்றது. பின்னர் கிராக்கெட் பெயரில் வந்த பஞ்சாங்கப் புத்தகங்களின் அட்டையில் அந்த நடிகரின் கோலமே கிராக்கெட்டின் கோலமாக மாறியது. மறுபக்கம், 1836 மார்ச் 6 அன்று, கிராக்கெட் உயிரிழந்த டெக்சாஸ் போரில் அலமோ கோட்டை வீழ்ந்த பிறகு அங்கிருந்து உயிரோடு வெளியேறிய சுசானா டிக்கின்சன், கிராக்கெட்டின் உடலுக்கு அருகில் அவருடைய விசித்திரமான தொப்பி கிடந்ததைப் பார்த்ததாகப் பிற்காலத்தில் சொன்னார். ஆகவே அவர் தோல் தொப்பி எதையும் அணிந்ததே இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் நம் மனதில் பதிந்திருக்கும் அந்தப் படம் மேடையிலிருந்து வந்தது.

அந்தப் படத்தை உலகம் முழுக்கக் கொண்டுபோனது 1954–55இல் டிஸ்னி ஒளிபரப்பிய தொலைக்காட்சித் தொடர். அதில் கிராக்கெட்டாக நடித்த ஃபெஸ் பார்க்கர் அணிந்த வால் தொப்பிக்காக அமெரிக்கக் குழந்தைகள் அலைமோதினார்கள். ரக்கூன் தோல் விலை பல மடங்கு ஏறியது. இன்று கடைகளில் "கிராக்கெட் காலத் தொப்பி" என்று கிடைப்பவற்றில் மிகப் பெரும்பாலானவை அந்த 1950களில் பிறந்தவை. அவையும் சேகரிக்கத்தக்கவைதான். அவற்றை 1830கள் என்று சொல்லி விற்பதுதான் தவறு.

இன்னொரு தகவல். அமெரிக்காவின் முதல் புகழ்பெற்ற உரோமத் தொப்பியை அணிந்தவர் காட்டில் வாழ்ந்தவரே அல்லர், பெஞ்சமின் ஃபிராங்க்ளின். 1776இல் கனடாப் பயணத்தின்போது வாங்கிய மார்ட்டன் (கீரி போன்ற காட்டு விலங்கு) உரோமத் தொப்பியை அந்த ஆண்டின் கடைசியில் பாரிஸுக்கும் அணிந்துபோனார். பொய்முடி இல்லாமல், நெற்றி மறைய உரோமத் தொப்பியோடு நின்ற எழுபது வயதுக்காரரைப் பார்த்து பாரிஸ் மயங்கியது. தங்கள் நாட்டின் காட்டுத்தன்மை ஐரோப்பியர்களை ஈர்க்கிறது என்பதை அவர் நன்றாகப் புரிந்துவைத்திருந்தார்.

அப்படியானால் மலைகளில் பொறிவைத்து வாழ்ந்தவர்கள் உண்மையில் என்ன அணிந்தார்கள்?

நல்ல சாட்சி ஒருவர் இருக்கிறார். 1830களிலும் 1840களின் தொடக்கத்திலும் ராக்கி மலைகளில் பீவர் (ஆற்றில் அணைகட்டி வாழும் உரோம விலங்கு) பிடித்த ஆஸ்போர்ன் ரஸ்ஸல், ஒரு பொறிவைப்பவரின் உடைமைகளைத் தன் நாட்குறிப்பில் ஒவ்வொன்றாக எழுதியிருக்கிறார். தலைக்கு அவர் சொல்வது: கம்பளி, காட்டெருமைத் தோல் அல்லது நீர்நாய்த் தோலால் ஆன தொப்பி. பட்டியலில் ரக்கூன் இல்லை. அதற்குக் காரணமும் உண்டு. ரக்கூன் கிழக்குக் காடுகளில்தான் மலிந்து கிடந்தது. உயரமான ராக்கி மலைப் பகுதிகளில் அன்று அது அபூர்வம்.

1837இல் ஸ்காட்லாந்துப் பிரபு வில்லியம் டிரம்மண்ட் ஸ்டூவர்ட்டோடு கிரீன் ஆற்றங்கரைத் தோல் சந்தைக்குப் போன ஓவியர் ஆல்ஃபிரட் ஜேக்கப் மில்லரின் படங்களிலும் இந்தக் கலவையைப் பார்க்கலாம். கசங்கிய ஃபெல்ட் தொப்பி, தோலில் தைத்த குல்லா, உரோமத் தொப்பி என்று ஆளுக்கொரு விதம். கிடைத்த துணி, கிடைத்த தோல், கிடைத்த ஊசி. அதனால்தான் "இதுதான் அசல் பொறிவைப்பவர் தொப்பி" என்று ஒரே ஒரு வடிவத்தைக் காட்டுகிறவர்களை நான் நம்புவதில்லை.

பொறிவைப்பவர்கள் கையால் தைத்துக்கொண்ட அந்தத் தொப்பிகளில் இன்று மிஞ்சியிருப்பவை மிகச் சொற்பம். மழையில் நனைந்தன, தீயோரம் காய்ந்து விறைத்தன, பூச்சி தின்றது, கடைசியில் தூக்கியெறியப்பட்டன. 1840க்கு முந்தைய தொப்பி என்று யாராவது சொன்னால், அது யாருடையது, எந்தக் குடும்பத்தில் இருந்தது, எழுத்தில் என்ன ஆதாரம் என்று கேளுங்கள்.

"பீவர் தொப்பி" என்றால் பீவர் உரோமம் வெளியே தெரியும் தொப்பிதானே?

பெரும்பாலும் இல்லை. அமெரிக்க மேற்கின் வரலாற்றையே நகர்த்திய பீவர் தொப்பி ஒரு ஃபெல்ட் தொப்பி. பீவரின் உடலில் இரண்டு வகை மயிர் உண்டு: நீளமான முரட்டு மேல்முடி, அதன் அடியில் குளிர் புகாத மென்மையான அடிமயிர். அடிமயிரின் ஒவ்வோர் இழையிலும் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் இருக்கின்றன. சூடும் ஈரமும் அழுத்தமும் கொடுத்தால் அவை ஒன்றையொன்று பற்றிக்கொண்டு தையலே இல்லாத உறுதியான விரிப்பாகும். மழையில் உருக்குலையாத, விளிம்பு தொங்காத தொப்பி அதிலிருந்து வந்தது.

ஐரோப்பாவில் பீவர் ஏறக்குறைய அழிந்துபோன பிறகு தொப்பிக்காரர்களின் பார்வை வட அமெரிக்கா பக்கம் திரும்பியது. 1670இல் ஹட்சன்ஸ் பே கம்பெனி சாசனம் பெற்றது. 1808இல் ஜான் ஜேக்கப் ஆஸ்டர் அமெரிக்கன் ஃபர் கம்பெனியைத் தொடங்கினார். 1825 முதல் 1840 வரை ஆண்டுதோறும் கோடையில் மலைகளில் தோல் சந்தை கூடியது. இவ்வளவும் லண்டனிலும் பாரிஸிலும் நியூயார்க்கிலும் கனவான்களின் தலையை அலங்கரிக்க. தொடக்க காலத்தில் வணிகர்கள் மிக அதிக விலை கொடுத்தது புதிய தோலுக்கு அல்ல. பூர்வகுடி மக்கள் மேலாடையாக அணிந்து பழகிய பழைய தோலுக்கு. உடலில் உரசி உரசி மேல்முடி உதிர்ந்து, ஃபெல்ட்டுக்கு வேண்டிய அடிமயிர் மட்டும் அதில் மிஞ்சியிருக்கும். 1830களில் பட்டுத் தொப்பி நாகரிகமானபோது பீவருக்கான தேவை சரிந்தது. அதற்குள் பல ஆறுகளில் பீவரே இல்லை.

இதில் தொழிலாளிகளின் துயரமும் உண்டு. செதில்கள் நன்றாகப் பற்றிக்கொள்ள, தோலில் பாதரச நைட்ரேட் கரைசலைத் தடவுவார்கள். அந்த ஆவியைச் சுவாசித்தவர்களுக்குக் கை நடுங்கியது, மனம் பேதலித்தது. கனெக்டிகட் மாநிலத்தின் டான்பரி தொப்பித் தொழிலுக்குப் பேர்போன ஊர். அந்த நடுக்கத்துக்கு ஊர்ப் பெயரே ஒட்டிக்கொண்டது. அமெரிக்கத் தொப்பித் தொழிலில் பாதரசத்தின் பயன்பாடு 1941 டிசம்பரில்தான் முடிவுக்கு வந்தது.

பூர்வகுடி மக்களின் நீர்நாய்த் தலைப்பாகை கிடைத்தால் வாங்கலாமா?

மிசூரி ஆற்றங்கரை, பெருஞ்சமவெளி, பேரேரிப் பகுதி மக்களிடம், குறிப்பாக ஓசேஜ், பொட்டவாட்டமி போன்றோரிடம், நீர்நாய்த் தோலை வட்டமாக வளைத்துத் தைத்த தலைப்பாகை இருக்கிறது. பட்டு ரிப்பன், மணி வேலைப்பாடு, பக்கவாட்டில் தொங்கும் அல்லது நீட்டி நிற்கும் வால் என்று பார்க்கவே கம்பீரமானது. அது மதிப்பின் அடையாளம். இன்றும் விழாக்களில் அணிகிறார்கள்.

குளிருக்கான தொப்பி என்ற வரிசையில் இதைச் சேர்த்துப் பேசுவது சரியில்லை என்பது என் எண்ணம். பழைய தலைப்பாகை ஒன்று கைக்கு வந்தால், விலை பேசுவதற்கு முன் அந்தச் சமூகத்தின் பண்பாட்டு அலுவலகத்துக்குப் படம் அனுப்பிக் கேளுங்கள். சில பொருள்கள் குடும்பத்துக்கோ குலத்துக்கோ உரியவை, தனிநபர் விற்கக்கூடியவை அல்ல. 1990இல் வந்த கூட்டாட்சிச் சட்டம் அரசு நிதி பெறும் அருங்காட்சியகங்களை இப்படிப்பட்ட புனிதப் பொருள்களைத் திருப்பித் தரச் சொல்கிறது. தனியாரை அது அந்த அளவுக்குக் கட்டுப்படுத்தாவிட்டாலும், கேட்டுச் செய்வதுதான் முறை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வணிகக் கணக்குப் புத்தகங்களில் ஆண்களின் பெயர்களே நிறைந்திருக்கும். ஆனால் தோலைச் சுரண்டி, விலங்கின் மூளைக்குழம்பு தடவி, பிசைந்து, புகையிட்டுப் பதப்படுத்தியவர்கள் பெரும்பாலும் பூர்வகுடிப் பெண்கள். அந்த உழைப்பு இல்லாமல் உரோம வணிகமே நடந்திருக்காது.

பழைய ராணுவத் தொப்பி என்று சொல்கிறார்களே, அது எப்படிப்பட்டது?

1876 ஜூனில் பூர்வகுடி மக்களுடன் நடந்த லிட்டில் பிக்ஹார்ன் போரில் அமெரிக்கத் தளபதி கஸ்டரின் படை அழிந்தது. அதைத் தொடர்ந்து அமெரிக்க ராணுவம் லகோட்டா, ஷையென் மக்களைக் குளிர்காலத்திலும் துரத்தியது. உறைபனியில் சாதாரணச் சீருடை போதவில்லை. காட்டெருமைத் தோல் மேலங்கியும் உரோமத் தொப்பியும் கையுறையும் வந்தன. 1870களின் இறுதியில் மஸ்க்ராட் (நீரோரம் வாழும் பெரிய எலி போன்ற விலங்கு) தோல் தொப்பி முறைப்படி வழங்கப்பட்டது: தாழ்ந்த உச்சி, மடித்துக் கட்டக்கூடிய காதுமடல், முன்புறம் உரோம விளிம்பு, உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த துணி. வடிவத்தால் மட்டும் அதை அடையாளம் காண முடியாது, ஏனென்றால் அதே போன்ற தொப்பியைப் பொதுமக்களும் கடையில் வாங்கினார்கள். உள்துணியில் ராணுவக் கொள்முதல் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

கனடாவின் குதிரைப் படைக் காவலர்கள் இன்றும் குளிர்காலத்தில் மஸ்க்ராட் தொப்பி அணிகிறார்கள். 2014இல் அதைக் கம்பளிக் குல்லாவாக மாற்ற நிர்வாகம் முயன்றது. அரசு தலையிட்டுத் தடுத்துவிட்டது.

வெல்வெட் போல வழவழப்பாக, அடர்பழுப்பில் ஒரு தொப்பி இருக்கிறது. அது என்ன?

உரோமச் சீல் (அடர்ந்த உரோமம் கொண்ட கடல் விலங்கு) தொப்பியாக இருக்கலாம். 1867இல் அமெரிக்கா அலாஸ்காவை வாங்கியபோது பிரிபிலாஃப் தீவுகளும் கூடவே வந்தன. 1870 முதல் 20 ஆண்டுகளுக்கு அங்கே சீல் பிடிக்கும் குத்தகை அலாஸ்கா கமர்ஷியல் கம்பெனியிடம் இருந்தது. தோல்கள் லண்டனுக்குப் போய், மேல்முடி பிடுங்கப்பட்டு, சாயம் ஏற்றப்பட்டுத் திரும்பி வந்தன. 1880களில் ஓரளவு வசதியுள்ள அமெரிக்க ஆணின் குளிர்காலத் தொப்பி இதுதான். சீல்கள் கண்மூடித்தனமாகக் கொல்லப்பட்டதால் 1911இல் அமெரிக்கா, பிரிட்டன், ஜப்பான், ரஷ்யா நான்கும் கடலில் சீல் வேட்டையைத் தடைசெய்து ஒப்பந்தம் போட்டன.

ஆனால் எச்சரிக்கை: மஸ்க்ராட்டையும் முயலையும் கத்தரித்துச் சாயம் ஏற்றி "சீல்" என்ற பெயரிலேயே ஏராளமாக விற்றிருக்கிறார்கள்.

எந்த விலங்கு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மயிரை மெதுவாக ஊதிப் பிரித்து அடிவரை பாருங்கள். ரக்கூன் மயிர் ஒவ்வொன்றிலும் நிறம் பட்டை பட்டையாக மாறும். தொலைவிலிருந்து பார்த்தால் சாம்பலும் கறுப்பும் கலந்து தெரியும். மஸ்க்ராட்டுக்குப் பளபளப்பான நீண்ட மேல்முடியும் சாம்பல் நிற அடிமயிரும் உண்டு. முதுகுத் துண்டு கரும்பழுப்பு, வயிற்றுத் துண்டு வெளிறியது, இரண்டும் மாறி மாறி வந்தால் ஐயமே வேண்டாம். நீர்நாய்க்கு மயிர் குட்டை, மிக அடர்த்தி, உடல் முழுக்க ஏறக்குறைய ஒரே நீளம். காட்டெருமை சுருள் சுருளாக, கம்பளி போல, தோலும் கனமாக இருக்கும். முயல் மயிர் தொட்டாலே கையில் உதிரும்.

கத்தரித்து, சாயமிட்ட தோலைக் கண்ணால் மட்டும் சொல்ல முடியாது. உதிர்ந்த ஓர் இழையை நுண்ணோக்கியில் வைத்தால் மேற்புறச் செதில்களின் அமைப்பு விலங்கைக் காட்டிக்கொடுக்கும். தொப்பியிலிருந்து மயிரைப் பிடுங்காதீர்கள்.

வயதை எப்படிக் கணிப்பது?

முதலில் உள்ளே பாருங்கள், வெளியே அல்ல. உரோமம் நூறு ஆண்டுகளில் பெரிதாக மாறுவதில்லை. மனிதர் செய்த பாகங்கள்தான் காலத்தைச் சொல்லும்.

உள்துணி பிரிந்திருந்தால் அதன் வழியே தோலின் பின்புறத்தைப் பாருங்கள். இரண்டு தோல் விளிம்புகளைச் சேர்த்துச் சுற்றிச் சுற்றிப் போட்ட தையல், ஒழுங்கற்ற இடைவெளியோடு இருந்தால் கைத்தையல். எந்திரத் தையல் நூல் பிடித்ததுபோல ஒரே சீராக ஓடும். கைத்தையல் என்பதாலேயே பழையது என்று முடிவு செய்ய வேண்டாம், இன்றும் கையால் தைக்கிறார்கள். ஆனால் சீரான எந்திரத் தையல் இருந்தால் அது 1800களின் முற்பகுதிப் பொருள் அல்ல என்று தைரியமாகச் சொல்லலாம். தோலின் வெட்டுமுனை நீலச்சாம்பலாக இருந்தால் குரோமியம் போட்டுப் பதனிட்டது. அந்த முறை வணிக அளவில் அமெரிக்காவில் வேரூன்றியது 1884க்குப் பிறகு.

பிரஸ் பட்டன் இருந்தால் 1880களுக்கு முன் போகாது. ஜிப் இருந்தால் இருபதாம் நூற்றாண்டு. தைத்த நூலோ உள்துணியோ புறஊதா விளக்கில் பளிச்சென்று நீலவெள்ளையாக ஒளிர்ந்தால், இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய சலவைப்பொருளோ இழையோ அதில் பட்டிருக்கிறது. பிற்காலப் பழுதுபார்ப்பாகவும் இருக்கலாம் என்பதால் ஓர் இடத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

எல்லாவற்றிலும் உறுதியான தடயம் உள்ளே தைத்த சீட்டு. உரோமப் பொருள்களில் விலங்கின் பெயரையும் எந்த நாட்டு உரோமம் என்பதையும் குறிப்பிட வேண்டும் என்று அமெரிக்கா 1951இல் சட்டம் இயற்றியது. அடுத்த ஆண்டு அது நடைமுறைக்கு வந்தது. தொப்பிக்குள் அப்படி முறையாக எழுதிய சீட்டு தைத்திருந்தால், எல்லைப்புறக் காலத்தை மறந்துவிடலாம்.

விலங்கின் முகமும் வாலும் அப்படியே வைத்த தொப்பிகளைப் பற்றியும் கேட்கிறார்கள். நான் பார்த்தவரை அவற்றில் பெரும்பாலானவை சுற்றுலாக் கடைச் சரக்கு.

விலை எவ்வளவு இருக்கும்?

ஒரே மாதிரியான இரண்டு தொப்பிகளில் ஒன்றோடு, அதை அணிந்தவரின் பழைய புகைப்படமும் குடும்பக் கடிதமும் இருந்தால் அதன் மதிப்பு பல மடங்கு. ஆவணம் இல்லாத 1890களின் மஸ்க்ராட் தொப்பி எளிதாகக் கிடைக்கும் பொருள்தான். அதற்கு அருங்காட்சியக விலை கொடுக்காதீர்கள்.

தொட்டால் ஆபத்தா?

இருக்கலாம். பழைய ஃபெல்ட்டில் பாதரசம் தங்கியிருக்கும். அருங்காட்சியகத்திலோ விலங்குடல் பதப்படுத்துபவரிடமோ இருந்துவந்த தோலில் பூச்சிக்குப் பயந்து ஆர்சனிக் தடவியிருப்பார்கள். நைட்ரைல் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், உதறாதீர்கள், சாப்பாட்டு மேசையில் வைக்காதீர்கள், குழந்தைகளின் தலையில் வைத்துப் படம் எடுக்காதீர்கள்.

பூச்சி அரிக்காமல் எப்படிப் பாதுகாப்பது?

அந்துருண்டை வேண்டாம். அதன் ஆவி உங்களுக்கும் கெடுதல், தொப்பிக்கும் கெடுதல், வாடையும் போகாது. புதிதாக வாங்கிய தொப்பியை மற்றத் துணிகளோடு சேர்க்கும் முன் தனியே வையுங்கள். மயிர் கொத்தாக உதிர்ந்தாலோ, மணல் போன்ற எச்சமோ புழுக்கூடோ தெரிந்தாலோ உறைய வைப்பதுதான் சிறந்த வழி: அமிலமற்ற மெல்லிய தாளில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் காற்றை வெளியேற்றி மூடி, மைனஸ் 20 டிகிரி செல்சியஸில் குறைந்தது ஒரு வாரம், முடிந்தால் இரண்டு வாரம். வெளியே எடுத்த பிறகு பையைத் திறக்காமல் ஒரு நாள் முழுக்க அறை வெப்பத்துக்கு வரவிடுங்கள். உடனே திறந்தால் தோலின் மேல் நீர் படியும்.

அதன் பிறகு பிளாஸ்டிக்கில் வைக்கவே கூடாது. தோலுக்குக் காற்று வேண்டும். வெயிலும் விளக்கும் படாத, ஈரப்பதம் 50 விழுக்காட்டை ஒட்டிய, குளுமையான இடம் நல்லது. உள்ளே அமிலமற்ற தாளைக் கசக்கி அடைத்து உருவத்தைத் தாங்கச் செய்யுங்கள். தண்ணீர், சோப்பு, எண்ணெய் எதுவும் வேண்டாம். படிகாரத்தில் பதனிட்ட தோல் நனைந்தால் பதனே கரைந்து, காய்ந்ததும் அட்டையாகிவிடும். உள்ளே இருக்கும் நெற்றிப்பட்டை செம்பொடியாக உதிர்ந்தால், பட்டைச்சாற்றில் பதனிட்ட தோல் அமிலமேறிச் சிதைகிறது என்று பொருள். அதைத் திருப்ப முடியாது. கை வைக்காமல் விடுவதே நல்லது.

வேறு நாட்டுக்குக் கொண்டுபோகலாமா?

விலங்கைப் பொறுத்தது. பீவர், ரக்கூன், மஸ்க்ராட் ஆகியவற்றுக்கு அழியும் உயிரினங்கள் குறித்த பன்னாட்டு ஒப்பந்தத்தின் கட்டுப்பாடு இல்லை. நீர்நாய்க்கு உண்டு. சீலும் கடல்நீர்நாயும் அமெரிக்காவின் 1972ஆம் ஆண்டுக் கடல் பாலூட்டிப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகின்றன. பழமைக்குச் சலுகை கேட்பவர்தான் வயதை நிரூபிக்க வேண்டும். புறப்படும் நாட்டிலும் சேரும் நாட்டிலும் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அணிந்துகொள்ளலாமா?

வேண்டாம். பழந்தோலுக்கு வளையும் வலு இல்லை. ஒருமுறை இழுத்துப் போட்டாலே தையலோரம் கிழியும். வரலாற்று நிகழ்ச்சிகளில் அணிய ஆசைப்படுவோர் நல்ல நகலைத் தைத்துக்கொள்கிறார்கள்.

அசல் பொருள்களை எங்கே பார்க்கலாம்?

நெப்ராஸ்காவின் சாட்ரன் ஊருக்கு அருகில் உள்ள உரோம வணிக அருங்காட்சியகத்துக்குப் போங்கள். ஜேம்ஸ் போர்டோ என்ற வணிகரின் பழைய வணிகக் கூடம் இருந்த இடத்திலேயே அது அமைந்திருக்கிறது. மண்கூரை போட்ட அந்தக் கூடத்தையும் திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள். வயோமிங்கின் பைன்டேலில் மலைகளில் பொறிவைத்து வாழ்ந்தவர்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் உண்டு. கிரீன் ஆற்றங்கரைச் சந்தைகள் கூடிய பள்ளத்தாக்கு அங்கிருந்து பக்கம்தான். மில்லரின் ஓவியங்களைப் பார்க்க விரும்புவோருக்கு பால்டிமோரின் வால்டர்ஸ் கலை அருங்காட்சியகம் இருக்கிறது. இணையத்திலும் அவற்றைப் பெரிதாக்கிப் பார்க்கலாம். முகங்களை விட்டுவிட்டுத் தலைகளை மட்டும் ஒவ்வொன்றாகப் பாருங்கள்.